மீன்மகளின் மரணக் குறிப்பு

1986ஆம் ஆண்டுக்கான என் குறிப்பேட்டில் ஒரு பெண்ணின் மரணம் பதிவாகியிருக்கிறது. அவளுக்கு இடுப்புக்கு மேலே மனித உடல், கீழே மீனுடல். இறந்தது நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பிற்பகல் மூன்றே கால் மணிக்கு. இறந்த இடம், மொன்றியல் நகரத்துச் செயின்ட்-மிஷேலில் நாங்கள் நால்வர் குடியிருந்த வீட்டின் சாப்பாட்டு மேசை.

நான் எதற்கும் திகதி போடுகிறவன். மட்டக்களப்புக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்த காலத்தில் தொற்றிய பழக்கம். மொன்றியலுக்கு வந்த பிறகு அது கூடியது. எங்களுக்குத் தெரிந்தவர்களில் யார் எந்த விமானத்தில் வந்தார், யாருக்கு எந்த நாள் அகதி விசாரணை, யாருக்கு ஊரிலிருந்து கடைசியாக எப்போது கடிதம் வந்தது, முதல் பனி எத்தனை மணிக்கு விழத் தொடங்கியது, எல்லாவற்றையும் எழுதினேன். ஒருநாள் யாருக்காவது இது தேவைப்படும் என்று நினைத்தேன். ஒரு நாளில் நடந்ததெல்லாம் அந்த நாளின் கீழேயே இருக்கவேண்டும், விடயத்துக்கு ஒரு கொப்பி என்று பிரிக்கக்கூடாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையில் எனக்குப் பெருமையும் இருந்தது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையின் திகதியை மட்டும் இங்கே எழுதாமல் விடுகிறேன். குறிப்பேட்டில் அது இருக்கிறது. அங்கே இருந்து செய்தது போதும்.

எங்கள் வீடு இரண்டாம் மாடி. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. என்னோடு மூவர். ஒருவர் யாழ்ப்பாணத்தார், எங்களில் மூத்தவர், உணவகமொன்றில் கோப்பை கழுவினார். எல்லோருக்கும் அவர் அண்ணை. இரண்டாமவர் மன்னார்க் கத்தோலிக்கர், துறைமுகத்துக்குப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் பெட்டி ஏற்றினார். மூன்றாமவன் என் ஊரவன், என்னைவிட ஆறு வயது இளையவன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞனாக இருந்தவன். மன்னார்க்காரரின் களஞ்சியத்திலேயே அவனும் வேலை செய்தான்.

அவனுக்கு ஊரில் மனைவி. மணமாகி ஒன்பது மாதத்தில் இவன் புறப்பட்டிருந்தான். அவளிடமிருந்து கடைசிக் கடிதம் 1986 மார்ச்சில் வந்தது. ஏப்ரலில் அவள் தாயிடமிருந்து ஒரு கடிதம்: தமக்கையைப் பார்க்கவென்று வாவியின் அக்கரைக்கு, படுவான்கரைக்கு, காலையில் ஓடத்துறைக்குப் போன பிள்ளை திரும்பவில்லை, அன்று அந்தப் பக்கம் இராணுவச் சுற்றிவளைப்பு, முகாம்களிலெல்லாம் கேட்டுவிட்டோம், யாரும் ஒன்றும் சொல்கிறார்கள் இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் இருக்கிறாளா இல்லையா என்பது அந்த வீட்டில் எங்களோடு ஐந்தாவது ஆளாகக் குடியிருந்தது. அவளைப் பற்றி இறந்தகாலத்தில் பேசக்கூடாதென்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் பேசவில்லை.

அந்தக் கோடையில், அருகிலிருந்த தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் பழைய சாமான் விற்பனை நடந்தது. அங்கே ஒரு பெட்டியைக் கண்டேன். மேலே பாதி குதிரையும் பாதி மனிதனுமான ஒருவன் வில்லோடு நின்றான். உள்ளே இரண்டு பிரெஞ்சுப் புத்தகங்கள், பல முகங்கள் கொண்ட பகடைகள். ஒருவர் உலகத்தை நடத்துவார். மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக வாழ்வார்கள். துணிந்து ஒன்றைச் செய்யும்போது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். மாலை வகுப்பில் எங்களுக்குப் பிரெஞ்சு படிப்பித்த அம்மையார், பிடித்த எதையாவது வீட்டில் சத்தமாக வாசியுங்கள் என்று சொல்லியிருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை வாசித்தோம். செப்டெம்பரிலிருந்து ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கு விளையாட்டு. பிரெஞ்சில் தொடங்குவோம், பத்து நிமிடத்தில் தமிழாகிவிடும்.

நான்முகப் பகடையை முதன்முதல் கையில் எடுத்த அண்ணை சொன்னார்: "உதென்ன காணும், நெருஞ்சி முள்ளு! காலில குத்தினால் இலவச ஆஸ்பத்திரிக் கார்டும் எனக்கு இன்னும் வரேல்லை."

உலகத்தை நடத்துகிற வேலை என்னுடையது. புத்தகத்தில் கலப்புயிர்களுக்கு ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. குதிரைமனிதர், காளைத்தலையர், செட்டை முளைத்த பெண்கள், ஆட்டுக்காலர், மீன்மகளிர். ஒவ்வொன்றுக்கும் பலம் எவ்வளவு, எத்தனை அடி தாங்கும் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஆனால் அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், ஊருக்குள் வந்தால் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பார்கள், யாரை மணப்பார்கள், செத்தால் எங்கே போவார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தக் குறை என்னை உறங்கவிடவில்லை. நூலகத்தில் கலைக்களஞ்சியங்களைப் புரட்டினேன். எகிப்து, கிரேக்கம், நம்முடைய புராணங்கள், எல்லாவற்றிலும் தேடினேன். கடைசியில் நானே எழுதினேன். 'கலப்புயிர்களின் நிலை' என்று தலைப்பிட்டு ஏழு பிரிவுகள்.

கலப்புயிர்கள் பகலில் நகரத்துக்குள் வரலாம். வாயில் சாத்துமுன் வெளியேறவேண்டும். குதிரைமனிதர் கடிதம் சுமக்கலாம். தமக்கென்று கடிதம் பெறலாகாது. மீன்மகளிர் ஆற்றுமுகத்தில் ஓடங்களுக்கு வழிகாட்டலாம். ஓடம் சொந்தமாக வைத்திருக்கலாகாது. மன்றத்தில் அவர்கள் சாட்சி செல்லாது. கோயிலுக்குள் அனுமதியில்லை. மணம் செய்தால் இணையரில் மனிதர் எவரோ அவரும் ஊருக்கு வெளியே குடியேறவேண்டும். ஏழாவது பிரிவு மரணத்தைப் பற்றியது. அந்த உலகத்தில் ஒரு மனிதன் இறந்தால் பூசகர் வேண்டி அவன் உயிரை மீட்கலாம். கலப்புயிரை மீட்க முடியாது. மனிதப் பாதியை மனிதரின் தெய்வம் அழைக்கும். மற்றப் பாதியை அழைக்க வேண்டுதல் இல்லை. பாதி உயிர் திரும்பாது. இந்தத் தர்க்கத்தை எழுதி முடித்த அன்று எனக்கு நல்ல திருப்தி.

வாசித்துக் காட்டியபோது முதலில் தடுத்தவர் அண்ணை.

"கோயிலுக்குள்ள விடமாட்டீரோ? அப்ப பிள்ளையாரை எங்க இருத்திறது கிளாக்கர்? படலையடியிலயோ?"

மன்னார்க்காரரும் சேர்ந்துகொண்டார். "எங்கட சம்மனசுகளுக்கும் செட்டை இருக்கு. தேவதாயிட்டைச் செய்தி சொல்ல வந்தவரையும் வாயில் சாத்தமுதல் வெளியில போகச் சொல்லுவியளோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சிவப்பு மையை எடுத்து எட்டாவது பிரிவை எழுதினேன்: தெய்வங்களுக்கும் அவர்தம் தூதர்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது. எங்கள் வழக்கு முடியும்வரை நாங்களும் கலப்புயிர்தான் என்ற பகிடியையும் அன்று அண்ணை விட்டார். அந்தப் பகிடியை அந்த மேசையில் யார்தான் விட்டிருக்கமாட்டார்கள்? அதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

பாத்திரம் தேர்ந்தெடுக்கும்போது அண்ணை முழு மனிதனாக ஒரு உப்பு வணிகனை எடுத்தார். "எனக்கு உந்த வால், கொம்பு ஒண்டும் வேண்டாம். இருக்கிற சிக்கல் காணும்." மன்னார்க்காரர் குதிரைமனிதர். படவரைஞன் மீன்மகளை எடுத்தான். எங்கள் ஊருக்கு மீன்மகள்தான் சின்னம். ஊர் வாசலிலேயே சிலையாக இருப்பாள். அதனால் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பெயர் கேட்டேன். தாளைப் பார்த்துக்கொண்டே ஒரு பெயரைச் சொன்னான்.

வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயர் அது. வந்த புதிதில் ஒவ்வொருவருடைய குடும்ப விபரத்தையும் என் குறிப்பேட்டின் முதல் பக்கங்களில் எழுதியிருந்தேன். அவன் மனைவியின் பதிவுப் பெயருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், அந்தப் பெயர். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டேன்.

உலகத்தின் வரைபடத்தையும் அவனே வரைந்தான். களஞ்சியத்தில் கழித்துவிட்ட பெரிய மட்டைகளைக் கொண்டுவந்து, பென்சிலால் அளந்து, ஒரு வாவியையும் அது கடலில் சேரும் இடத்தையும் வரைந்து 'முகத்துவாரம்' என்று எழுதினான். எங்கள் ஊர் முகத்துவாரம்தான், வளைவு கூடப் பிசகவில்லை. அங்கே அவளுடைய வீடு.

ஞாயிறுகளில் அவன் அவளாகப் பேசுவான். குரலை மாற்றமாட்டான், பேச்சு மட்டும் மாறும். குதிரைமனிதர் ஓடத்தில் ஏற வந்தால், "குதிர, காலத் தொடச்சிட்டு ஏறு. இப்பதான் ஓடம் கழுவினன்" என்பாள். உப்பு வணிகர் நிறையில் ஏய்த்தால் பிடித்துவிடுவாள். புறப்படுமுன் தலைமுடியை இரண்டு முறை அவிழ்த்து முடிவாள். ஒரு முறை முடிந்தால் பயணம் சரிவராதாம். இதையெல்லாம் நான் பதிந்தேன். அண்ணை ஒருநாள் சொன்னார்: "அரைவாசி மீனெண்டாலும் முழுசாப் பெஞ்சாதிதான் காணும்." அவன் காதுவரை சிவந்து சிரித்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததாக என் குறிப்பேட்டில் இருப்பது அந்த ஒரு நாள்தான்.

நவம்பர் ஞாயிறு. வெளியே பனி. விளையாட்டில், ஊர் வாயில் சாத்தப்பட்டு வெளியே நின்ற ஒரு கூட்டத்தை முகத்துவாரம் வழியாக அக்கரைப்படுத்தவேண்டும். காவலர் கரையில் ஈட்டியோடு நின்றார்கள். மீன்மகள் முன்னே நீந்தி ஓடத்துக்கு வழி காட்டினாள். நான் காவலனுக்காகப் பகடை உருட்டினேன். இருபது முகத்தில் இருபது விழுந்தது. அவள் தப்பப் படவரைஞன் உருட்டினான். இரண்டு.

கணக்கைப் பார்த்தேன். "உயிர் போயிற்று" என்றேன்.

மன்னார்க்காரர், "பூசகரிட்டைக் கொண்டுபோவம். நான் முதுகில சுமக்கிறன்" என்றார்.

"ஏழாம் பிரிவு" என்றேன்.

படவரைஞன் என்னைப் பார்த்தான். "அண்ணன், அந்தச் சட்டம் நீங்க எழுதினதுதானே."

"எழுதினதுதான். எழுதினபடி நடக்காட்டி உலகம் எதுக்கு?"

"பிள்ளையாருக்கு மாத்தினீங்க."

"அது தெய்வம்."

"ஒரு வரி அண்ணன். சிவப்பு மை அந்தா கிடக்கு. ஒரு வரி போடுங்க."

அண்ணை பகடைகளைப் பார்த்தபடி மெதுவாக, "போட்டுவிடுமன் கிளாக்கர்" என்றார்.

நான் போடவில்லை. ஏன் என்று இத்தனை வருடமாக யோசித்திருக்கிறேன். அவனுக்காக ஒரு வரி எழுதினால், அவள் யார் என்பது எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன் என்று சில காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த மூன்றே கால் மணிக்கு நான் நினைத்தது, ஏழு பிரிவும் எவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கின்றன, இதை ஏன் கெடுக்கவேண்டும் என்பதுதான்.

அவன் எழுந்து வெளியே போய் இரும்புப் படியில் உட்கார்ந்தான். மேலங்கி போடவில்லை. அரை மணி நேரம் கழித்து வந்து, தோளில் பனியோடு, "சரி அண்ணன். சட்டம் சட்டம்தான்" என்று சொல்லித் தேநீருக்குத் தண்ணீர் வைத்தான்.

அன்று மாலை நான் எழுதியது இது: 'ஞாயிறு. 3.15. முகத்துவாரத்தில் ஓடத்தில் ஆட்களை அக்கரைப்படுத்தும்போது காயம்பட்டு இறந்தாள். மீட்க வழியில்லை. அவனுக்குச் சொன்னேன். அரை மணி நேரம் வெளியே இருந்தான். பனி தொடர்கிறது.' 'இறந்தாள்' என்பதற்கு முன்னால் அவளுடைய பெயர். அது விளையாட்டு என்று எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததை எனக்கே எதற்கு எழுதவேண்டும்?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊரவர் ஒருவர் வந்தார். பல வருடங்களுக்கு முன்பே வந்து, நகரின் மேற்குப் புறத்தில் பியர்பொன்ட்சில் வீடு வாங்கியிருந்தவர். எங்கள் நால்வருக்கும் கம்பளிகள் கொண்டு காரில் வந்திருந்தார். நல்ல மனிதர். படவரைஞனின் மனைவிக்குத் தூரத்து உறவு. அவள் சிறுபிள்ளையாக இருக்கையில் தூக்கி வைத்திருந்தவர். வீட்டில் நான் மட்டும். "இருங்க, தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போனேன். குறிப்பேடு மேசையில் திறந்தபடி இருந்தது.

நான் கோப்பையோடு வந்தபோது அவர் எழுந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. "தம்பியப் பாத்துக்கொள்ளுங்க" என்றார். என் கையைப் பிடித்தார். தேநீரைத் தொடவில்லை. காருக்குள் வெகுநேரம் அப்படியே இருந்தார். பாதை வழுக்கும் என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன். குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியும் வைத்தேன்.

ஞாயிறு காலை பால் வாங்க மூலையிலுள்ள டெப்பனர் கடைக்குப் போனேன். அண்ணையும் மன்னார்க்காரரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவன் மட்டும் வீட்டில். பத்திரிகைத் தலைப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றதில் இருபத்தைந்து நிமிடம் போயிற்று. திரும்பி வந்தபோது இரும்புப் படி முழுவதும் பனிச் சப்பாத்துகள். பன்னிரண்டு சோடி. படியில் வைத்தே எண்ணினேன். பழக்கம் அதைத்தான் செய்தது.

உள்ளே பெண்கள் அழும் சத்தம். அறிந்த குடும்பங்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று பெரிய சட்டிகளில் சோறும் மரக்கறியும் சமைத்துத் துணி சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள். வரைபடத்தை யாரோ சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். அவன் நிலத்தில் சுவரோடு சாய்ந்திருந்தான். பியர்பொன்ட்ஸ்காரர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். அவனும் அழுதான். நான் அதற்கு முன்னும் பின்னும் ஒரு ஆண் அப்படி அழுது கேட்டதில்லை.

என்ன நடந்ததென்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. கதவைத் தட்டியவர்கள் அவனைக் கண்டதும் ஒன்றும் சொல்லாமல் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவன், இவர்களுக்கு ஊரிலிருந்து செய்தி வந்துவிட்டது என்று நினைத்தான். அவர்கள், செய்தி வந்தது அவனுக்கு என்று நினைத்தார்கள். எப்படித் தெரியும், யார் சொன்னது என்று செத்தவீட்டில் வந்தவர்களும் கேட்கமாட்டார்கள், வீட்டுக்காரரும் கேட்கமாட்டார்கள். எட்டு மாதமாக அவன் அடக்கிவைத்த அழுகை முழுவதும் அந்த இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்திருந்தது.

"யார் சொன்னது?" என்று நான் கேட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பியர்பொன்ட்ஸ்காரர், "என்ன இப்பிடிக் கேக்கிறீங்க? நீங்க எழுதி வெச்சத நான் என்ட கண்ணால வாசிச்சன்" என்றார்.

சொன்னேன். கையில் பால் பெட்டியோடு, பனி உருகிச் சொட்டச் சொட்ட, அது விளையாட்டு என்று சொன்னேன். மீன்மகள், பகடை, ஏழாம் பிரிவு. சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லும் என் வாயிலேயே கேவலமாக ஒலித்தது. ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். இன்னொருத்தி சட்டியின் துணியை அவிழ்க்கவா விடவா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் நிலத்திலிருந்து தலையை நிமிர்த்தினான். "அப்ப அவள் சாகல்லியா அண்ணன்?"

இல்லை, சாகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் எந்த மனிதனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

"தெரியாது" என்றேன்.

பியர்பொன்ட்ஸ்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நேத்து ஒரு ஆள் கொழும்புக்குப் போனவர். அவளின்ட தாய்க்கு அவரிட்டக் காகிதம் குடுத்துட்டனே" என்றார்.

திங்கள் காலை தந்தி அனுப்பினோம். 'செய்தி தவறு. நம்பவேண்டாம். கடிதம் வருகிறது.' செவ்வாய் ஒரு கடிதம், வெள்ளி ஒரு கடிதம். அந்த நாட்களில் தாய் ஊருக்குள் உறவினர் வீட்டுக்கு இடம் பெயர்ந்திருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. தந்தியும் கடிதங்களும் தபால்கந்தோரில் கிடந்தன. கையில் கொடுத்துவிட்ட கடிதம் மட்டும் ஆளுக்கு ஆள் கைமாறிச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

1987 பெப்ரவரியில் தாயின் பதில் வந்தது. களஞ்சியத்திலிருந்து வந்த அவன் மேலங்கியைக் கழற்றாமலே வாசித்தான். பிறகு என்னிடம் நீட்டினான். இரண்டு பக்கம். நினைவிலிருந்து எழுதுகிறேன், இந்தக் கடிதத்தை மட்டும் நான் பிரதி எடுக்கவில்லை.

மகன், நீங்கள் இந்தச் சுமையைத் தன்னந்தனியே சுமந்திருக்கிறீர்கள். கடிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணி முப்பத்தோராம் நாள் கிரியை செய்து அமுது கொடுத்தோம். அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தோம். படத்துக்கு மாலை போட்டாயிற்று. அவள் சேலைகளைக் கொடுத்துவிட்டோம். கல்யாணச் சேலையை மட்டும் வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் என்று அறிந்தீர்கள்? முகத்துவாரம் என்று மட்டும் எழுதியிருக்கிறது. கரையிலா, தண்ணீரிலா? பிள்ளையைக் கண்டவர் யார்? அதையாவது எழுதுங்கள். அந்த இடத்தில் ஒரு விளக்கு வைக்கவேண்டும்.

அண்ணை கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டுக் குசினிக்குள் போனார். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"நான் உண்மைய எழுதுறன்" என்றேன்.

"எழுதுங்க அண்ணன். எல்லாத்தையும் எழுதுங்க. விளையாட்டு எண்டு எழுதுங்க. அவள் சாகல்ல எண்டு எழுதுங்க."

"தெரியாது எண்டுதான் எழுதலாம்."

அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். "ஓம். அப்பிடியே எழுதுங்க. நீங்க வேற மாதிரி எழுதமாட்டீங்க."

மூன்று நாள் எடுத்து எழுதினேன். மீன்மகளைப் பற்றி ஒரு தாய்க்கு எப்படி எழுதுவது? வெள்ளைக்காரரின் விளையாட்டு ஒன்று, மொழி படிக்க விளையாடினோம், அதில் உங்கள் மகளின் பெயர் வந்தது, அதில் இறந்தது ஒரு கற்பனை, தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதினேன். அந்தக் கிழமையே, யாரும் கேட்காமல், சிவப்பு மையால் ஏழாம் பிரிவை மாற்றினேன்: கலப்புயிரையும் அன்புடையோர் வேண்டினால் மீட்கலாம். அவனிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "வடிவா எழுதியிருக்கீங்க" என்றான். "இப்ப யார மீட்கிற அண்ணன்?" பகடைப் பெட்டியை மூடி அலுமாரியின் மேலே வைத்தான். ஞாயிறுகளில் அதற்குப் பிறகு நாங்கள் விளையாடவில்லை.

தாயின் மறுமொழி ஓகஸ்டில் வந்தது. நீலக் கடிதத்தாளில் நாலே வரி. நடந்தது நடந்துபோயிற்று, மகன். அமுது கொடுத்த நாளிலிருந்துதான் நான் இரவில் கண்மூடுகிறேன். எனக்கு மறுகாவும் பழையபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. இனி இதைப் பற்றி எழுதவேண்டாம்.

அவன் அதைப் பலமுறை வாசித்தான். அவளுக்காகக் காத்திருக்கிறவர்கள் அதுவரை இரண்டு பேர். இனி அவன் ஒருவன்தான். அதை அவன் சொல்லவில்லை. "மாமிய என்ன சொல்லுற" என்று மட்டும் சொன்னான். "அவ பாவம்."

அதன் பின் ஊரவர்கள் அவனை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஊரில் முறைப்படி எல்லாம் செய்து முடிந்துவிட்டதே, இளம் வயது, இனி ஒரு வாழ்க்கையைப் பார்க்கவேண்டாமா என்று பியர்பொன்ட்ஸ்காரரே இரண்டு முறை வந்து கேட்டார். செத்தவீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண், தன் தங்கையின் படத்தையும் கொடுத்தனுப்பினார். அவன் படத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். மணமானவனா, மனைவியை இழந்தவனா என்று அவனை எந்தப் பக்கத்தில் வைப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொண்டாட்டங்களுக்கு அழைக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். மணமேடைக்குப் பக்கத்தில் அவனை விடலாமா என்றும் ஒருவர் கேட்டார். கலப்புயிர்களின் நிலையை நான் எழுதும்போது இப்படி ஒருவருக்கு ஒரு பிரிவும் எழுதவில்லை.

1988 இளவேனிலில் நிரந்தர வதிவிடத்துக்கான படிவங்கள் வந்தன. வீட்டில் எல்லோருக்கும் படிவம் நிரப்புவது என் வேலை. சாப்பாட்டு மேசையில், அதே இடத்தில், எதிரெதிராக இருந்தோம். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், வந்த திகதி. எல்லாவற்றுக்கும் என்னிடம் விடை இருந்தது. பிறகு குடும்ப நிலை. சிறிய கட்டங்கள்: மணமாகாதவர், மணமானவர், பிரிந்தவர், துணையை இழந்தவர். ஒன்றில் மட்டும் புள்ளடி போடவேண்டும்.

பேனையோடு அவனைப் பார்த்தேன்.

"என்னக் கேக்கிறீங்களா?" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வருத்தியிராது. "நீங்கதானே அண்ணன் எழுதினீங்க. நீங்களே சொல்லுங்க."

மணமானவர் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். அடுத்த வரி, துணைவரின் தற்போதைய முகவரி. அதில் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வெற்றாக விட்டால் படிவத்தைத் திருப்பி அனுப்புவார்கள் என்று சொன்னேன்.

"இஞ்ச தாங்க" என்று பேனையை வாங்கினான். படவரைஞனின் கை, ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம். கிராமம், தெரு, வீட்டு இலக்கம். அது அவன் மாமியின் வீடு. மாலை போட்ட படம் சுவரில் தொங்குகிற வீடு. எழுதி முடித்து, மை காய ஊதி, படிவத்தை என் பக்கம் தள்ளினான்.

நான் கீழே திகதி போட்டேன்.